கிழமைக்கு 30 மணித்தியாலம் நடத்தைச் சிகிச்சை தேவையா?

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. ஓட்டிசம் என்று உறுதியாகி ஐந்து மாதம். ஏழெட்டுச் சொல்தான் சொல்வான்; வேண்டியதற்கு என் கையைப் பிடித்து இழுப்பான். தனியார் நிலையமொன்றில் கிழமைக்கு 30 மணித்தியாலம் நடத்தைச் சிகிச்சை எடுத்தால் முதலாம் ஆண்டுக்கு முன் முழுக்கச் சரியாகிவிடும் என்கிறார்கள். இரண்டு கிழமை போனான். வாசலைக் கண்டாலே அழுகிறான். கதவைச் சாத்திவிட்டு எங்களை வெளியே இருக்கச் சொல்கிறார்கள். இந்தச் சிகிச்சையே கொடுமை என்றும் சிலர் சொல்கிறார்கள். தொடர்வதா, விடுவதா?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: இப்போது நடக்கிற விதத்தில் தொடர வேண்டாம். நடத்தைச் சிகிச்சை என்பது ஒரு திறனைச் சிறு படிகளாகப் பிரித்து, சரியாகச் செய்ததும் பிள்ளை விரும்புவதைக் கொடுத்துப் பழக்கும் முறை. அதையே கைவிடச் சொல்லவில்லை. உங்களை உள்ளே இருத்திப் பார்க்க விடாத இடத்தில் அது வேண்டாம் என்கிறேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளை அவன். வாசலில் அழுவதுதான் இப்போதைக்கு அவன் சொல்லக்கூடிய ஒரே சாட்சி.

முப்பது, நாற்பது மணித்தியாலம் என்ற கணக்கு 1987 இல் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் (Ivar Lovaas) என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 19 சிறு பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் வீதம் இரண்டு வருடத்துக்கு மேல் பயிற்சி கொடுத்ததில் 9 பேர் சாதாரண வகுப்பில் முதலாம் ஆண்டை முடித்தார்கள். பரவியது இந்த ஒன்பது மட்டுந்தான். யாருக்குத் தீவிரப் பயிற்சி என்று பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதும், உரத்த அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியில் இருந்தன என்பதும் பரவவில்லை. 2018 இல் கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மீளாய்வு இவ்வகைத் தீவிரப் பயிற்சி பற்றிய ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 219 பிள்ளைகளை, சேர்த்துப் பார்த்தது. அன்றாடத் திறனிலும் பேச்சிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆதாரம் பலவீனமானது என்றும் அதுவே சொன்னது. ஆகவே பயன் உண்டு. “முழுக்கச் சரியாகிவிடும்” என்று எவரும் உறுதி தர முடியாது. தருகிற இடத்தில் காசு கட்டாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பிரித்தானியாவில் 152 பிள்ளைகளோடு நடந்த ஆய்வொன்றில் பெற்றோரையே பயிற்றினார்கள். அது நடத்தைச் சிகிச்சையல்ல, தொடர்பாடல் சிகிச்சை. முதல் ஆறு மாதம் இரண்டு கிழமைக்கு ஒரு சந்திப்பு, பிறகு மாதம் ஒன்று, வீட்டில் நாளொன்றுக்கு அரை மணித்தியாலம். இவ்வளவுக்கும் கிடைத்த பயன் ஏறக்குறைய ஆறு வருடம் கழித்தும் தெரிந்ததாக 2016 இல் எழுதினார்கள். மணித்தியாலத்தைக் கூட்டினால் பயனும் கூடும் என்பது அப்படியே நம்பக்கூடியதல்ல.

உங்கள் மகனுக்கு முதலில் வேண்டியது கேட்கத் தெரிவது. தண்ணீரில் தொடங்குங்கள். தண்ணீர்ப் போத்தலை அவன் கண்ணில் படும், கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையை இழுத்துக்கொண்டு வருவான். உடனே கொடுக்காமல் அவன் முகத்துக்கு நேரே குந்தியிருந்து, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். சுட்டினாலும், “த” என்று ஒலித்தாலும், போத்தலின் படத்தை எடுத்துத் தந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றுமே வராவிட்டால் அவன் விரலை மெதுவாகப் பிடித்துச் சுட்டக் காட்டுங்கள். “தண்ணி” என்று ஒருமுறை சொல்லி அந்தக் கணமே கொடுங்கள். பிந்தினால் எதற்குக் கிடைத்தது என்பது அவனுக்குப் புரியாது. கோப்பையில் இரண்டு மிடறு மட்டும் ஊற்றினால் மறுபடி கேட்க வழி கிடைக்கும். தாகத்தோடு வைத்திருக்க மட்டும் கூடாது. வெயில் நாளில் நாலைந்து தரம் கேட்டு முடிந்ததும் தாராளமாகக் குடிக்க விடுங்கள். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று உறவினர் சொல்லுவார்கள். அது தவறு.

விரல் பிடிக்கும் உதவியை நாளுக்கு நாள் குறைக்க வேண்டும்: முதலில் கையைப் பிடிப்பது, பிறகு முழங்கையைத் தொடுவது, பிறகு பார்வை மட்டும். குறைக்காவிட்டால் உங்கள் கை வரும்வரை காத்திருக்கப் பழகிவிடுவான். நிலையங்களில் அதிகம் நடக்கும் பிழை இது. அடுத்தது, எதற்கெடுத்தாலும் பரிசாகப் பிஸ்கட் கொடுப்பது. பந்து என்றால் பந்துதான் கிடைக்க வேண்டும். மேசையில் ஐம்பது அட்டைக்குப் பெயர் சொல்லிவிட்டு வீட்டில் தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளைகள் உருவாவது இப்படித்தான்.

இனி ஆபத்துகள். “கண்ணைப் பார்” என்று முகத்தைத் திருப்புவது, கையை உதறினால் பிடித்து அமுக்குவது, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினால் தண்டிப்பது இவற்றால் பயன் இல்லை. கையை உதறுவது பெரும்பாலும் அவன் தன்னை அமைதிப்படுத்தும் வழி. தலையை மோதுகிறான், தன்னைக் கடிக்கிறான் என்றால் மட்டும் தலையிட வேண்டும். அப்போதும் அதன் காரணத்தைத் தேட வேண்டும். ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், சிறுவயதில் இயல்பை மறைத்து நடிக்கப் பழக்கியதால் பின்னாளில் பட்ட மனவேதனையை எழுதியிருக்கிறார்கள். அதைத் தள்ளிவிடக் கூடாது. எந்தப் பெரியவர் எதைச் சொன்னாலும் கீழ்ப்படியப் பழகிய பிள்ளை, தவறான நோக்கத்தோடு தொடுபவருக்கும் கீழ்ப்படியும். இதுதான் எனக்கு ஆகப் பெரிய கவலை. தலையாட்டியோ கையால் தள்ளியோ “வேண்டாம்” சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். சொன்னால் மதியுங்கள்.

அழுகையைக் கவனிக்காமல் விடு என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அப்படி விட்டால் முதலில் அழுகை கூடும். நாலு நாள் தாங்கி, ஐந்தாம் நாள் விட்டுக்கொடுத்தால், நீண்ட நேரம் அழுதால்தான் கிடைக்கும் என்று படித்துக்கொள்வான். பயத்தாலோ வலியாலோ வரும் அழுகைக்கு இந்த முறை அறவே பொருந்தாது. திடீரென்று குணம் மாறினால் காது, பல், மலச்சிக்கல், தூக்கம் நாலையும் முதலில் பார்ப்பிக்க வேண்டும். கேட்டல் பரிசோதனை செய்யாதிருந்தால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்கில் அதற்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் வழி கேளுங்கள்.

நீங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் கேட்காத, ஆனால் மிக அவசரமான விடயம் இதுதான். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் வெளியேறுவார்கள், தண்ணீரை நோக்கிப் போவார்கள். அப்படிப் போகிற பிள்ளைகள் இறப்பதற்கு முதன்மைக் காரணம் நீரில் மூழ்குவது. கேற்றுக்கு அவனுக்கு எட்டாத உயரத்தில் கொளுக்கி போடுங்கள், கிணற்றுக்கு மூடி போடுங்கள். காணவில்லையென்றால் வீட்டுக்குள் தேட முன்னர் கடற்கரைக்கு ஓடுங்கள். “நில்” என்ற சொல்லுக்கு நிற்பது பயிற்சியின் முதல் இலக்குகளில் ஒன்றாக இருக்கட்டும்.

வேறு நிலையம் பார்க்கும்போது, நான் எப்போதும் உள்ளே இருக்கலாமா, அவன் மறுத்தால் என்ன செய்வீர்கள், இந்த மூன்று மாதத்தின் இலக்கு என்ன என்று கேளுங்கள். “உட்காருவான், அழமாட்டான்” என்பது இலக்கல்ல. “தண்ணீர், கழிப்பறை, போதும் மூன்றையும் வீட்டிலும் தானாகக் கேட்பான்” என்பதே இலக்கு. அவனாகக் கேட்கும் ஒவ்வொரு தடவைக்கும் கலண்டரில் ஒரு கோடு போட்டு வாருங்கள். 12 கிழமையில் கோடுகள் கூடவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்லுங்கள், மணித்தியாலத்தைக் கூட்டச் சம்மதிக்காதீர்கள். வீட்டில் தமிழிலேயே கதையுங்கள். கார்ட்டூனில் ஆங்கிலச் சொல் பிடிக்கிறான் என்பதற்காக மொழியை மாற்றத் தேவையில்லை; உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் நீங்கள் அவனோடு அதிகம் கதைப்பீர்கள்.