பிளாக் ரயில் வாங்குவதற்கு முன்: வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வீடு ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதால் எந்நேரமும் ரயில் பேச்சுதான். பாரிமுனையில் ஒரு கடையில், பிளாஸ்டிக் பிளாக்குகளை ஒன்றோடொன்று மாட்டிக் கட்டும் 700 பீஸ் ரயில் செட் 1,900 ரூபாய் என்கிறார்கள். பிரபலமான லெகோ கம்பெனியின் ரயில் அதைவிடப் பல மடங்கு. பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது, மலிவானதையே வாங்கிவிடலாமா?
– ஒரு அம்மா, ராயபுரம்

பதில்: வாங்கலாம். ஆனால் பீஸ் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். 700 பீஸில் பாதி, ஒற்றைக் குமிழ் (பிளாக்கின் மேல் துருத்தி நிற்கும் வட்டம்) வைத்த சில்லறையாக இருக்கலாம். ரயிலுக்கு உயிர் சக்கரம், மோட்டார், தண்டவாளம் மூன்றிலும்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, “இதில் மோட்டார் இருக்கிறதா?” அட்டைப்படத்தில் வேகமாக ஓடும் பல ரயில்கள் உள்ளே கையால் தள்ளும் ரயில்கள்தான். அடுத்து, தண்டவாளம் முழுச் சுற்றுக்கு வருமா, இல்லை நான்கு துண்டு மட்டும்தானா என்று கேளுங்கள்.

லெகோ 1958இல் பதிந்த காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் என்ற அதே அளவில் யாரும் பிளாக் செய்யலாம், அது போலி ஆகாது. லெகோ பெயரைத் திருடிப் போட்டால்தான் போலி. அசலில் ஒவ்வொரு குமிழின் தலையிலும் பெயர் பொறித்திருக்கும். விலை ஏறி நிற்பதற்குச் சுங்க வரியும் ஒரு காரணம்: இறக்குமதி பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்தது 2020இல் 60 ஆகி, 2023இல் 70 ஆனது.

எது வாங்கினாலும் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்கு இது கட்டாயம், வெளிநாட்டுப் பொம்மைக்கும் சேர்த்துத்தான். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு பிள்ளை இருந்தால் இந்தச் சின்ன பீஸ்களே வேண்டாம். விளக்குக்கும் சத்தத்துக்கும் பட்டன் பேட்டரி போட்ட செட் என்றால் அதன் மூடி ஸ்க்ரூ வைத்து முடுக்கியதா என்று அவசியம் பாருங்கள். அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நான் செய்வது இது: மோட்டார், சக்கரம், தண்டவாளம் மூன்றையும் நல்லதாக வாங்குவேன். ரயில் பெட்டிகளின் உடம்பையும் ஸ்டேஷனையும் மலிவு பிளாக்கில் கட்டுவேன். அளவு ஒன்று என்பதால் இரண்டும் சேரும். இதை ஒருமுறை தலைகீழாகச் செய்து பட்டிருக்கிறேன். பெரிய மலிவு செட் ஒன்றை வாங்கினேன், அச்சு உரசி ஒவ்வொரு வளைவிலும் வண்டி நின்றது. அண்ணன் மகள் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து, தெரியாத கம்பெனி என்றால் அவர்களுடைய சின்னப் பெட்டி ஒன்றை முதலில் வாங்கி, இரண்டு பிளாக்கைப் பத்து முறை மாட்டிக் கழற்றிப் பார்க்கிறேன். பிடி தளர்ந்தால் அந்தக் கம்பெனி வேண்டாம்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை வீடு. தண்டவாளம் போட எவ்வளவு இடம் வேண்டும்?

பதில்: லெகோவின் வழக்கமான வளைவுத் துண்டு 16 சேர்ந்தால் ஒரு வட்டம், வெளி விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் நான்கு நான்கு நேர்த்துண்டு சேர்த்தால் நீளம் 122 சென்டிமீட்டர் ஆகும். ஐந்தடிக்கு மூன்றடி பிளைவுட் ஒன்றில் ஒட்டிவிட்டால், ஆட்டம் முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கழற்றிக் கழற்றி மாட்டுவதை விட இது தண்டவாளத்துக்கும் நல்லது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த மாமா, அவர் பையன் விளையாடிய பழைய லெகோ ரயிலைக் கொடுத்தார். 9 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. கூடவே புதிய செட்டின் பிளாஸ்டிக் தண்டவாளம் வாங்கினோம். ஓடவே இல்லை.
– வியாசர்பாடி

பதில்: பழுது ஒன்றும் இல்லை. 1991இல் வந்த 9 வோல்ட் ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் உலோகத் தகடு வழியாகத்தான் வரும். பிளாஸ்டிக் தண்டவாளத்தில் அது நகராது. ஆனால் இன்றைய பேட்டரி ரயில் அந்த உலோகத் தண்டவாளத்தில் தாராளமாக ஓடும். ஆகவே மாமா கொடுத்த தண்டவாளத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

அவசரமாக ஒன்று. அதனுடன் வந்த டிரான்ஸ்ஃபார்மர் அமெரிக்காவில் வாங்கியது என்றால் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். அதன் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

பழைய ரயில் வாங்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: லெகோவின் பேட்டரி மோட்டாரில் இரண்டு வகை உண்டு. 2018இல் வந்த ‘பவர்ட் அப்’ வகை ஒயரின் முனை, அதற்கு முந்தைய ‘பவர் ஃபங்ஷன்ஸ்’ வகையின் பேட்டரிப் பெட்டியில் சேராது. பவர்ட் அப் ரயிலுக்கு டிரிபிள் ஏ பேட்டரி ஆறு, ரிமோட்டுக்கு நான்கு வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் செலவு மிச்சம். விளையாடாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். நம் பக்கத்துக் கடல் காற்றுக்குப் பேட்டரிப் பெட்டியின் உலோகத் தகடுகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ரயில் செட்டில் ஒரு பையே காணோம். விற்றவர் ‘பெட்டியைத் திறந்துவிட்டால் பொறுப்பில்லை’ என்கிறார்.
– கொருக்குப்பேட்டை

பதில்: திறக்காமல் எப்படித் தெரியும்? குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளில் இது இருக்கிறது. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். லெகோ செட்டாக இருந்தால், விடுபட்ட பீஸை அந்தக் கம்பெனியிடமே கேட்டு வாங்கும் வசதியும் உண்டு. ரசீதையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் கோச் கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பேரனோடு சேர்ந்து நம்ம ஊர்ப் பெட்டியையும் ராயபுரம் ஸ்டேஷனையும் பிளாக்கில் கட்ட ஆசை. இந்திய ரயில் செட் கடையில் கிடைக்கவில்லை. லூஸ் பீஸ் எப்படி வாங்குவது?

பதில்: ஐயா, உங்கள் கடிதம் படித்ததும் எனக்கே கை துறுதுறுவென்றது. அளவுக் கணக்கை நீங்கள் என்னைவிட நன்றாகப் போடுவீர்கள். பெரம்பூர் கோச் ஃபேக்டரியான ஐ.சி.எஃப். கட்டும் பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர், நீளம் சுமார் 21.3 மீட்டர். பிளாக் ரயிலின் வழக்கமான அகலம் ஆறு குமிழ், அதாவது 48 மில்லிமீட்டர். அந்த விகிதத்தில் நீளம் 39 குமிழ் வருகிறது. அவ்வளவு நீளப் பெட்டி வழக்கமான வளைவில் திரும்பும்போது, நடுப்பகுதி உள்பக்கமாக இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வரும். பிளாட்பாரம் அங்கே இருந்தால் இடித்துவிடும். ஆகவே பிளாட்பாரத்தை நேர்த்தடத்தில் மட்டும் வையுங்கள், பெட்டியை 28 குமிழாகச் சுருக்குங்கள். ஜன்னல் எண்ணிக்கையைக் குறைத்தாலும் வரிசை சரியாக இருந்தால் நம்ம பெட்டி என்று தெரிந்துவிடும்.

பேரனோடு முதலில் கட்ட நான் சொல்வது சரக்கு வேகன். பாக்ஸ்-என் வேகன் 10.7 மீட்டர்தான், அதே விகிதத்தில் 20 குமிழ். சுருக்கவே வேண்டாம், வளைவிலும் அழகாகப் போகும். கூரை இல்லாததால் பீஸும் குறைவு.

ஸ்டேஷனுக்கு வருவோம். 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் புறப்பட்ட கட்டடம் அது. அதன் முகமே தூண்களில்தான் இருக்கிறது. இரண்டுக்கு இரண்டு உருளை பிளாக்கை வெள்ளையில் வாங்கி அடுக்குங்கள். சுவரின் சிவப்பை மட்டும் ஒரே கம்பெனியில், ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி சிவப்பு மாறும், பாதிச் சுவரில் நிறம் மாறினால் மனசே ஒப்பாது. முதலில் காகிதத்தில் குமிழ்க் கட்டம் போட்டு, முன்பக்கச் சுவருக்கு மட்டும் எண்ணி வாங்கினால் போதும். பின்பக்கத்துக்கு ஃபோம் போர்டு தாங்கும். பழைய பிளாக் கிடைத்தால் கை பொறுக்கும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வெள்ளை பிளாக் மஞ்சளாகிவிடும். மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் தண்ணீர் பக்கமே போகக் கூடாது.