தைப்பூசத்துக்கு அப்பா வெறுங்காலில் நடக்கலாமா?

கேள்வி: வணக்கம் மிஸ்ஸி. நாங்கள் பட்டர்வொர்த். அப்பாவுக்கு வயது 61, இனிப்புநீர் வந்து 12 வருஷம் ஆகிறது. மெட்ஃபார்மின், கிளிக்லசைட் இரண்டு மாத்திரையும் சாப்பிடுகிறார். போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.4. வருகிற தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறார். 48 நாள் விரதம், ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு, அன்றைக்கு வெறுங்கால் நடை. பாதம் கொஞ்சம் மதமதவென்று இருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்கிறார். வேண்டாம் என்றால் கோபம் வருகிறது, முருகன் பார்த்துக்கொள்வார் என்கிறார். அம்மாவும் கூடவே நடப்பார், அவருக்கும் கொஞ்சம் சுகர் உண்டு. நாங்கள் என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியதில் 8.4-ஐ விட எனக்குப் பயம் தந்தது அந்த 'மதமத'தான். சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் நரம்பு கெடும், உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் முதலில் அடிவாங்குவது கால்விரல். அங்கிருந்து மேலே ஏறும். மதமதப்பு என்று அப்பா சொல்வது பெரும்பாலும் அதுதான்.

முப்பது வருஷம் தாதியாக இருந்தவள் நான், அதில் பாதி புண் கட்டும் அறையில். தைப்பூசம் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் அந்த அறைக்கு வெளியே நாற்காலி நிறைந்துவிடும். ஒரு ஐயா வந்தார், வீட்டில் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று மகள் தேடிப் பார்த்ததில் அது அவர் குதிகாலிலிருந்து வந்திருக்கிறது. சுத்தம் செய்யும்போது உள்ளேயிருந்து ஒரு சிரட்டைத் துண்டு வந்தது, கட்டைவிரல் நகம் அளவு. நம் பினாங்கில் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறோமே, மலைமலையாக, அதில் ஒரு சில்லு. மூன்று வாரமாக அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறார். "வலிக்கவே இல்லையே மிஸ்ஸி" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி.

அதனால் அப்பா போகலாமா கூடாதா என்ற சண்டையைத் தள்ளி வையுங்கள். அவர் பாதத்துக்கு உணர்ச்சி இருக்கிறதா என்பதைப் பாருங்கள், இன்றைக்கே வீட்டில் பார்க்கலாம், செலவு கிடையாது. அப்பாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவர் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒரு விநாடி மட்டும் பூ விழுகிற மாதிரி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, கிச்சுகிச்சு மூட்டக் கூடாது, ஒரு விரலை ஒரு தடவைதான் தொட வேண்டும். வரிசையாகப் போகாமல் மாற்றி மாற்றித் தொடுங்கள். தொட்டது தெரிந்தால் அவர் வலது, இடது என்று சொல்ல வேண்டும். ஆறு விரலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் கொண்டுவந்த சோதனை இது. எல்லா விரலும் தெரிந்தாலும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போய், 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தை அழுத்திப் பார்க்கிற சோதனையையும், பாதத்தில் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வெள்ளி செலவு.

உணர்ச்சி போயிருந்தால் தார் ரோட்டில் வெறுங்கால் வேண்டாம், இதில் நான் இறங்கி வர மாட்டேன். வெயிலில் தார் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும், நமக்கு ஒரு நொடியில் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும், அவருக்கு அந்தத் தகவலே போய்ச் சேராது. தலையில் குடம், இரண்டு கையும் மேலே, குனிந்து பார்க்கவும் முடியாது. அதற்காகப் பால்குடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிவாரம் வரை அளவான, உள்ளே தையல் உறுத்தாத மூடிய ஷூவில் வரட்டும் (புது ஷூ வேண்டாம், அது தனிக் கொப்புளக் கதை), அங்கே கழற்றி, தடித்த வெள்ளைப் பருத்திக் காலுறையோடு அந்த 513 படியை ஏறட்டும். காலுறையோடு ஏறுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் காலுறை சூட்டுக்கும் உரசலுக்கும்தான் கொஞ்சம் உதவும், கண்ணாடிக்கும் சிரட்டைக்கும் அது கவசமாகாது. பாதத்தில் இப்போதே புண்ணோ கறுத்த இடமோ இருந்தால் இந்த வருஷம் நடையே வேண்டாம். நேர்த்திக்கடனை எப்படி மாற்றிக்கொள்வது என்று குருக்களையே கேட்கச் சொல்லுங்கள். மகள் சொன்னால் வருகிற கோபம் குருக்கள் சொன்னால் வராது.

சரி, நடையை விட எனக்குக் கவலை அந்த 48 நாள். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அபாயமாகக் கீழே இறக்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியில்லை, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். காலையில் மாத்திரை, ராத்திரிதான் சோறு என்றால் நடுவில் சர்க்கரை விழும். இங்கே ஒரு விஷயம் எனக்குப் புரிவதே இல்லை. புவாசா (ரமலான் நோன்பு) வருவதற்கு முன்னால் மலாய்க்காரர்கள் கிளினிக்குக்குப் போய் மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதிக்கொண்டு வருகிறார்கள், டாக்டர்களுக்கும் அது கைவந்த வேலை. நம் ஆட்கள்தான் விரதம் இருப்பதை டாக்டரிடம் வாயே திறப்பதில்லை, திட்டுவார் என்ற பயம். புவாசாவுக்குச் செய்வது போல எனக்கும் மாற்றிக் கொடுங்கள், 48 நாள், ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு, பகலில் தண்ணீரும் பாலும் உண்டு என்று சொன்னால் போதும், எந்த இனத்து டாக்டருக்கும் புரியும். நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: உங்கள் மாத்திரைப் பெயர் எம்பாக்லிஃப்ளோசின், டபாக்லிஃப்ளோசின் போல 'ஃப்ளோசின்' என்று முடிகிற வகை என்றாலோ, இன்சுலின் போடுகிறவர் என்றாலோ, டாக்டரைப் பார்க்காமல் விரதம் தொடங்கவே வேண்டாம். அந்த 'ஃப்ளோசின்' வகையில், பட்டினியும் உடம்பில் தண்ணீர் குறைவதும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். அப்போது மீட்டரில் சர்க்கரை அவ்வளவு அதிகமாகக் காட்டாது என்பதுதான் ஆபத்து. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் நேரே அவசரப் பிரிவு.

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாள் முழுக்கப் பசித்தவர் முன் சோறு குவித்து, உருளைக்கிழங்கு, அப்பளம், பாயசம் என்று வைத்தால் பகலில் விழுந்தது ராத்திரி எகிறும். சோற்றைக் குறைத்துப் பருப்பு, கீரை, தௌஃபூ கூட்டுங்கள். அந்த ஒரே வேளையை, டாக்டர் ஒத்துக்கொண்டால், இரண்டாகப் பிரித்தால் இன்னும் நல்லது. பால் பழம் விரதம் என்று நாலு வாழைப்பழம் சாப்பிட்டால் அதுவும் கணக்கில் உண்டு. விரதக் காலத்தில் விரல் நுனியில் குத்திப் பார்ப்பதைக் கூட்டுங்கள். மீட்டரில் (மில்லிமோல் கணக்கில்) 3.9-க்குக் கீழே போனாலோ 16.6-க்கு மேலே ஏறினாலோ அன்றைய விரதம் முடிந்தது. குறைந்திருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். ஏறியிருந்தால் கிளினிக்.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். அந்த மாதத்தில் நம் ஊரில் சூரியன் எழவே ஏழரை ஆகிவிடும், ரோடு குளிர்ந்திருக்கும். இருட்டில் சிரட்டை தெரியாது என்பதால் ஒருவர் டார்ச்லைட்டோடு முன்னால் நடக்கட்டும், பக்தியை விட்டுத் தரையைப் பார்க்கிற வேலை மட்டும் அவருக்கு. சட்டைப் பையில் சீனிப் பொட்டலம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் இருக்கும், சிரப்பும் மைலோவும் அன்போடு நீட்டுவார்கள், பச்சைத் தண்ணீரோ மோரோ கேட்டு வாங்குங்கள். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், ஏறக்குறைய அஞ்சில் ஒருவர். பந்தல் போடுகிறவர்கள் ஒரு டிரம்மாவது சீனி இல்லாமல் வைத்தால் என்ன? சிரப் ஒட்டிய விரலில் குத்திப் பார்த்தால் மீட்டர் பொய் சொல்லும், முதலில் கையைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

இன்னொன்று, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உறுமி மேளம் முழங்கும்போது ஒருவர் வியர்த்து, கை நடுங்கி, தள்ளாடினால் எல்லாரும் அருள் வந்துவிட்டது என்று விபூதி பூசுவார்கள். சர்க்கரை விழுந்தாலும் அதே வியர்வை, அதே நடுக்கம், அதே தள்ளாட்டம். விபூதி பூசட்டும், நீங்கள் விரலைக் குத்திப் பாருங்கள், பார்க்க முடியவில்லை என்றால் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் முதலுதவிப் பந்தலுக்குத் தூக்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கால் வலிக்கு இதம் என்று சுடுதண்ணீரில் ஊற வைக்காதீர்கள், சூடு தெரியாத கால் வெந்துவிடும். சாதாரணத் தண்ணீர், சோப்பு, விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைப்பது, அவ்வளவுதான். பாதத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அடுத்த பத்து நாளும் தினம் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சிவப்பு பரவுவது, வீக்கம், சீழ், நாற்றம், காய்ச்சல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கிளினிக், வலிக்கிறதா என்று அப்பாவைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் அம்மா. 'கொஞ்சம் சுகர்' என்று எழுதிவிட்டு அவர் எண்ணைச் சொல்லவில்லை, வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அப்பாவின் ஆறு விரலைத் தொட்டு முடித்ததும் அம்மாவுக்கும் தொட்டுப் பாருங்கள், கிளினிக்குக்குப் போகிற அன்றைக்கு அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.