ஷராக்குவின் கபுகி நடிகர் படம்: முகமும் கைகளும் ஏன் அப்படி இருக்கின்றன?

ஜப்பானிய ஓவியர் ஷராக்கு 1794-இல் வரைந்த, கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகரான மூன்றாம் ஒத்தானி ஒனிஜியின் மரக்கட்டை அச்சுப்படத்தில் முகம் ஏன் அவ்வளவு விகாரமாக இருக்கிறது, அது கேலிச்சித்திரமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேலி மட்டுமே நோக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. எதோ (இன்றைய டோக்கியோ) நகரின் கவராசாகி அரங்கில் அவ்வாண்டு நடந்த நாடகமொன்றில், பணத்தைப் பறிக்க முனையும் எதோபெய் என்னும் அடியாளாக ஒனிஜி நடித்தார். பாயப்போகும் அந்தக் கணமே படத்தில் உறைந்து நிற்கிறது. கபுகியில் உச்சகட்டம் வரும்போது நடிகர் அசைவை நிறுத்திக் கண்களை உருட்டி அப்படியே நிற்பார். இதை ‘மியே’ என்பார்கள். கீழ்நோக்கி இறுகிய வாயும் மூக்கை நோக்கித் திரும்பிய கண்மணிகளும் அந்த மரபை அறிந்தவருக்கு விகாரமாகப் படுவதில்லை. மேலாடைக்குள்ளிருந்து விரல்களை விரித்தபடி வெளிவரும் கைகள் முகத்துக்குப் பொருந்தாத அளவு சிறியவை. உடற்கூறு நோக்கில் அது பிழைதான், ஆயினும் படத்தின் பதற்றமே அவற்றில்தான் இருக்கிறது.

பின்னணியின் கரும்பளபளப்பு மைக்காத் தூளால் வந்தது. ஓவியர் வரைந்து கொடுக்க, செதுக்குநர் அதைச் செர்ரி மரப்பலகையில் வெட்ட, அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகையாக ஒற்றியெடுக்க, சுதாயா ஜூசாபுரோ வெளியிட்டார்.

பெண் வேடமிட்ட ஆண்களின் தடித்த தாடையைக்கூட ஷராக்கு மறைக்கவில்லை. அபிமான நடிகரை அழகாகக் காண விரும்பிய ரசிகர்களுக்கு அது உவந்திருக்காது. ஏறத்தாழ பத்தே மாதங்களில் 140-க்கும் மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டு, 1795-இல் அவர் ஓய்ந்துபோனார்.