தோட்டத்துக் கல்லறைகளையும் நிலப் பத்திரங்களையும் வைத்துக் குடும்ப வரலாற்றைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கல்லை மட்டும் நம்பி எங்கள் வீட்டில் பேனரே அடித்துவிட்டார்கள்.

'மலாயாவில் சொந்த நிலத்தில் விவசாயம் செய்தோம் என்று தாத்தா சொல்வார், கையில் ஒரு காகிதமும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். 'தோட்டத்து ஆளுக்கு ஏது நிலம்' என்று யாராவது சிரித்திருப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். நான் வரலாறு படித்தவன் இல்லை, முப்பது வருடம் லாரி ஓட்டியவன். பேராசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. பூட்டனைப் புதைத்த சுடுகாடு பக்கத்துத் தோட்டத்தில், இப்போது செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. இடுப்பளவு லாலாங் புல். நானும் மகனும் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஒரு காலை முழுக்க வெட்டினோம். பெரும்பாலும் வெறும் மண்மேடுதான். பால்மரம் சீவியவனுக்கு யார் கல் வைத்தார்கள்? ஆட்களை மேய்க்கும் கங்காணி, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வீட்டு ஆட்களுக்குத்தான் சிமெண்டு. எங்கள் பூட்டனுக்கும் ஒன்று இருந்தது, பாதி சாய்ந்து, பாசி பிடித்து.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து உதிர்ந்துவிடும். நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, துணியால் ஒற்றி, பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். மேலே 'உ'. அதற்குக் கீழே பெயர் (இங்கே போட மாட்டேன், சொந்தக்காரர்கள் படிக்கிறார்கள்). அப்புறம் 'திருச்சி ஜில்லா முசிறி தாலுக்கா'. ஊர்ப் பெயர் இருந்த இடம் பெயர்ந்து, கடைசி எழுத்து மட்டும் மிச்சம்: யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வைத்த பழைய 'லை'. அதற்கும் கீழே 'தாது வருஷம் தை மாசம்'.

படத்தை வாட்ஸ்அப்பில் போட்டது நான் செய்த தப்பு. பெரியப்பா உடனே போன் பண்ணினார். "டேய், தாது வருஷப் பஞ்சம்னு கேள்விப்பட்டதில்லையா? 1876!" அடுத்த குடும்ப விழாவில் மண்டப வாசலில் பேனர்: '1876 முதல் மலாயா மண்ணில்'.

தமிழ் வருஷம் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1936-இலும் தாது வருஷம் வந்தது. பூட்டன் சேர்ந்தது ரப்பர் தோட்டம். மலாயாவில் ரப்பரை வியாபாரமாக நட ஆரம்பித்ததே 1890-களின் கடைசியில்தான். அதற்கு முன்னால் கரும்பிலும் காப்பியிலும் தமிழர்கள் இருந்தார்கள், தெரியும். அதைச் சொல்லித்தான் பெரியப்பா என் வாயை அடைத்தார்.

சரி, காகிதத்தைத் தேடுவோம் என்று போனேன். நில அலுவலகத்தில் வெறும் பெயரை வைத்துக்கொண்டு நின்றால் வேலை நடக்காது, லாட் நம்பர், அதாவது நிலத்துண்டின் எண், வேண்டும். அத்தையின் பிஸ்கட் டின்னில், ரேஷன் அட்டைக்கு அடியில், ஒரு பழைய சுக்காய் தானா (நிலவரி) ரசீது கிடந்தது. அதில் நம்பர் இருந்தது. பாரம் நிரப்பி, கட்டணம் கட்டி, பழைய முக்கிம் (மாவட்டத்துக்குள் ஒரு சின்னப் பிரிவு) பதிவேட்டின் நகலை வாங்கினேன். சின்ன நிலங்களை அந்தக் காலத்தில் அதில்தான் எழுதினார்கள், பெரியவர்கள் 'இ.எம்.ஆர்.' என்பார்களே, அது. மூன்று ஏக்கர். 1929-இல் பூட்டன் பெயர். 1938-இல் அவர் மனைவி பெயருக்கு, புசாக்காவாக, அதாவது வாரிசுச் சொத்தாக. 1970-இல் விற்பனை. மூன்று இடத்திலும் எங்கள் பெயருக்கு மூன்று விதமான எழுத்து. அதைப் பார்த்து 'நம்ம ஆள் இல்லை' என்று திரும்பிவிடாதீர்கள்.

1876-இல் செத்தவர் 1929-இல் நிலம் வாங்க முடியாது. தை மாசம் என்பதால் இறந்தது 1937 ஜனவரி அல்லது பிப்ரவரி. ஆங்கில வருடம் மாறிவிடும், கவனம். தென்னையும் கத்தரியும் போட்டு, நாலு மாடு வைத்து லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பால் ஊற்றினாராம். அத்தை சொன்னதும் ஒத்துப் போகிறது.

விற்றது ஏன் என்றால், சின்னத் தாத்தா சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. 1969-க்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கேட்டார்கள். அவருக்குக் கிடைக்கவில்லை. பங்கைப் பிரித்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். பாட்டியின் அண்ணன், ஜப்பான்காரன் காலத்தில் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போனவர். அவருக்குக் கல்லும் இல்லை, காகிதமும் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுடுகாட்டைச் சுத்தம் செய்ய முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கேட்டுக் கோயில் கமிட்டியிடம் போனேன். கோபுர வேலை முடியட்டும் என்றார்கள். கோபுரம் முடிந்தது, இப்போது மண்டபத்துக்கு ஏர்கான். நான் கோயிலுக்கு எதிரி இல்லை, கோபுரத்துக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்த ரசீது வைத்திருக்கிறேன்.

பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. பேனர் அவர் வீட்டுப் பின்பக்கம் கோழிக்கூண்டுக்கு மேல் கிடக்கிறது, '1876' மட்டும் நன்றாகத் தெரிகிற மாதிரி.

முசிறிப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பக்கம் 'லை' என்று முடியும் ஊர்களைக் கீழே எழுதுங்கள். மலையா, சோலையா, சாலையா, எதுவானாலும் சரி.