மறு: ரெம்டெசிவிர் ஆர்என்ஏ சங்கிலியை உடனே நிறுத்துமா?

வணக்கம். கொரோனா மருந்தான ரெம்டெசிவிர், வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ நகலாவதை எப்படித் தடுக்கிறது என்பதற்கு, “ரெம்டெசிவிர் சேர்ந்த இடத்திலேயே சங்கிலி நின்றுவிடும்” என்ற உங்கள் தேர்வு விடைக்கு ஆசிரியர் மதிப்பெண் குறைத்தது சரிதான். அந்த விளக்கம் ஹெபடைடிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிருக்குத்தான் பொருந்தும்.

ரெம்டெசிவிர் செல்லுக்குள் மூன்று பாஸ்பேட்டுகளுடன், ஆர்என்ஏ சங்கிலியின் எழுத்துகளில் ஒன்றைத் தரும் ஏடிபி மூலக்கூறைப் போன்ற வடிவம் பெறுகிறது. ஆர்என்ஏவை நகலெடுக்கும் வைரஸின் நொதியான பாலிமரேஸ் ஏமாந்து அதைச் சங்கிலியில் கோத்துவிடுகிறது. அடுத்த எழுத்தைப் பிணைக்கும் 3' ஹைட்ராக்சில் அதில் அப்படியே இருப்பதால் நகலெடுப்பு தொடர்கிறது. மேலும் மூன்று எழுத்துகள் சேர்ந்தபின், சர்க்கரையின் 1' கார்பனில் துருத்தி நிற்கும் சயனோ தொகுதி (கார்பன்-நைட்ரஜன் இணை) பாலிமரேஸின் 861ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் முட்டுகிறது. இழை மேலே நகர வழியில்லை.

இந்தத் தாமதத்தில்தான் அழகே இருக்கிறது. கொரோனா வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 30,000 எழுத்து நீளம். இவ்வளவையும் அதிகப் பிழையின்றி நகலெடுக்க, என்எஸ்பி14 என்ற நொதி இழையின் நுனியில் தவறாகச் சேர்ந்ததை வெட்டியெறிகிறது. நுனியிலேயே நிற்கும் மருந்து அதனிடம் எளிதில் சிக்கும். மூன்று எழுத்து உள்ளே போய்விட்டால் அகற்றுவது கடினம் என்று கருதப்படுகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு இப்படித் திருத்தும் நொதி கிடையாது. அங்கே உடனடி நிறுத்தமே போதும்.

மற்றொரு கொரோனா மருந்தான மோல்நுபிராவிரை இவற்றோடு சேர்க்காதீர்கள். அது சங்கிலியை நிறுத்துவதில்லை, நகல்களில் பிழைகளைப் பெருக்குகிறது. மறுதேர்வில் “தாமதமான சங்கிலி நிறுத்தம்” என்று எழுதி, சயனோ தொகுதியைப் படத்தில் குறித்துக் காட்டுங்கள்.