காலில் குத்திய கண்ணாடி

அன்புள்ள சார்,

ஆக்‌ஷன் படங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்து வருகிறேன். 'டை ஹார்ட்' வரிசையின் ஐந்து பாகங்களையும் பல தடவை பார்த்தவன் நான். மகனுக்குப் போட்டுக் காட்டலாம் என்று போன வாரம் ஐந்தையும் மறுபடி வரிசையாகப் பார்த்தேன். ஐந்தாவது முடிந்தபோது மனசே விட்டுப் போயிற்று. ஆக்‌ஷன் படத்துக்கு அடுத்த பாகமே எடுக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். ஒரு படம் ஓடிவிட்டால் அந்தப் பெயரை வைத்துக் கல்லா கட்டுகிறார்கள். எங்கோ கிடந்த கதையை எடுத்து, அதற்குப் போலீஸ்கார நாயகன் மெக்லேன் பெயரைச் சூட்டி விற்கிறார்கள். 'டெர்மினேட்டர் 2' மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கு இருக்கலாம். 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' மகனுக்கு உயிர், எனக்கு ஒட்டவில்லை. நான் நினைப்பது சரிதானா? அவனுக்கு 'டை ஹார்ட்' முதல் பாகத்தோடு நிறுத்திவிடவா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஐந்தாம் பாகம் உங்களுக்குத் தந்த வருத்தம் எனக்கும் உண்டு. நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வேறு கதைக்கு மெக்லேன் பெயரைச் சூட்டினார்கள் என்பது உண்மைதான். 1990இல் வந்த இரண்டாம் பாகத்தின் மூலம் வால்டர் வேகரின் '58 மினிட்ஸ்' நாவல். அதில் மெக்லேனே கிடையாது. 1995இல் வந்த மூன்றாவது, ஜொனாதன் ஹென்ஸ்லே 'சைமன் செஸ்' என்று தனிப் படமாக எழுதி வைத்திருந்த திரைக்கதை. 2007இல் வந்த நான்காவதற்கு விதை ஒரு பத்திரிகைக் கட்டுரை. சரி, 1988இல் வந்த முதல் பாகம்? அதுவும் ராடரிக் தோர்ப் 1979இல் எழுதிய நாவல்தான். அந்த நாவலே அவர் 1966இல் எழுதிய 'தி டிடெக்டிவ்' நாவலின் தொடர்ச்சி. 'தி டிடெக்டிவ்' 1968இல் படமானபோது நடித்தவர் ஃபிராங்க் சினாட்ரா. அதனால் 'டை ஹார்ட்' நாயகன் வேடம் முதலில் எழுபதைத் தாண்டிவிட்ட சினாட்ராவிடம்தான் போயிற்று. அவர் வேண்டாம் என்ற பிறகுதான் அது சுற்றிச் சுற்றி புரூஸ் வில்லிஸிடம் வந்து சேர்ந்தது. நீங்கள் அசல் என்று கொண்டாடும் படமே ஒரு வகையில் இரண்டாம் பாகம்தான். இந்த ஐந்தில் ஆரம்பத்திலிருந்தே மெக்லேனுக்காக எழுதப்பட்டது 2013இல் வந்த ஐந்தாவது மட்டும். உங்கள் மனசு விட்டுப்போனது அந்தப் படத்தில்தான்.

அப்படியானால் கோளாறு எங்கே? மெக்லேனின் காலைப் பாருங்கள்.

முதல் படத்தில் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு யோசனை சொல்கிறார்: போய் இறங்கியதும் செருப்பு, சாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தரை விரிப்பில் கால் விரல்களை மடக்கி மடக்கி நடந்தால் பயண அலுப்பு போய்விடும் என்று. மனைவியின் அலுவலகத்தில் மெக்லேன் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறான். கட்டடத்தைப் பிடிக்க வந்த கும்பலின் துப்பாக்கி வெளியே வெடிக்கிறது. வெறுங்காலோடு ஓடுகிறான். அப்புறம் அந்தக் கும்பலில் முதலில் செத்தவனின் ஷூவைக் கழற்றிப் போட்டுப் பார்க்கிறான், சேரவில்லை. அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அந்தக் கால் வில்லனின் கண்ணில் பட்டபோது சிரிப்பு நின்றுவிடுகிறது. வில்லனாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு அதுதான் முதல் சினிமா. கண்ணாடியைச் சுடச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆளைச் சுட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அடுத்து வரும் குளியலறைக் காட்சிதான் எனக்குப் படத்தின் உயிர். மெக்லேன் காலை இழுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, சதையிலிருந்து கண்ணாடிச் சில்லைப் பிடுங்குகிறான். ரேடியோவின் மறுமுனையில் கீழே நிற்கும் போலீஸ்காரர் பவல். பிழைக்க மாட்டோம் என்று தோன்றிவிட்டதால், மனைவியிடம் தான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொல்கிறான். அத்தனை வருடம் அவளிடம் நேரில் கேட்காத மன்னிப்பு. இவன் செத்துப்போவானோ என்று நான் இன்றும் பதறுகிறேன். முடிவு எனக்குத் தெரியும், ஆனாலும் பதறுகிறேன்.

மூன்றாம் பாகத்தை எடுத்தவரும் முதல் பாகத்தின் ஜான் மெக்டீர்னன்தான். அவருக்கு இந்த ரகசியம் தெரியும். இதில் வலி தலைக்கு ஏறுகிறது. வேலையிலிருந்து சஸ்பெண்ட் ஆகி, ராத்திரி குடித்து, பொழுது விடிந்ததும் மண்டை பிளக்கிற ஒருவனை நியூயார்க் வீதிகளில் ஓட விடுகிறார்கள். படம் முழுக்க ஆஸ்பிரின் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடைசியில் அவனை வெடிகுண்டோடு கட்டிப்போடும் வில்லன் ஒரு ஆஸ்பிரின் புட்டியைத் தந்துவிட்டுப் போகிறான். அந்தப் புட்டியின் அடியில் இருக்கும் எழுத்துதான் வில்லனைக் காட்டிக்கொடுக்கிறது! தலைவலியையே கதையின் சாவியாக்கிவிட்டார்கள். எங்கோ கிடந்த திரைக்கதை என்று நீங்கள் ஒதுக்கியது இதையும் சேர்த்துத்தான்.

நான்காவதில் மெக்லேன் காரை ஹெலிகாப்டர் மீது ஏற்றுகிறான், போர் விமானத்தின் மேல் சறுக்குகிறான். ஐந்தாவதில் அப்பாவும் மகனும் மாஸ்கோவில் எங்கிருந்தெல்லாமோ குதிக்கிறார்கள், எழுந்து நடக்கிறார்கள். யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை. உங்களுக்கு ஒட்டாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

'டெர்மினேட்டர் 2' விதிவிலக்கு இல்லை என்பதும் இதனால்தான். 1984இல் ஆர்னால்ட் நடித்த இயந்திரம் எதற்கும் அசையாதது. 1991இல் அதே இயந்திரம் பழைய மாடல் ஆகிவிட்டது. எதிரே உருகி உருமாறும் திரவ உலோகம் நிற்கிறது. இரண்டாம் பாகம் என்றால் நாயகனை இன்னும் பலசாலியாக்குவதுதான் வழக்கம். ஜேம்ஸ் கேமரன் அவனைத் தோற்கக்கூடியவனாக மாற்றினார். பணம் வரட்டும் என்று எடுத்த படம்தான் அதுவும், எல்லாப் படமும் அப்படித்தானே?

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' விஷயத்தில் நான் பாதி உங்கள் பக்கம். தெருவில் பந்தயம் விட்டவர்கள் ஒன்பதாம் பாகத்தில் காரை விண்வெளிக்கே கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஏழாவதை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். 2013 நவம்பரில், படம் பாதியில் இருக்கும்போதே, அதன் நாயகர்களில் ஒருவரான பால் வாக்கர் கார் விபத்தில் இறந்துபோனார். மீதிக் காட்சிகளில் அவருடைய தம்பிகள் அவருக்குப் பதிலாக நின்றார்கள். கடைசியில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் போய், பாதை பிரிகிறது. அத்தனை பாகங்களில் அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னொன்று. 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையில் ஆறாவதான 'ஃபாலவுட்' படப்பிடிப்பில், லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது டாம் குரூஸுக்குக் கணுக்கால் உடைந்தது. அந்த ஷாட்டையே படத்தில் வைத்திருக்கிறார்கள். கையை ஊன்றி மேலே ஏறி, நொண்டிக்கொண்டே ஓடுவார் பாருங்கள். ஆறாம் பாகத்திலும் ஒரு கால் நம்மை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

அதனால் முதல் பாகத்தோடு நிறுத்த வேண்டாம். மகனுக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய வரும், அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வயது வந்த பையன் என்றால் முதல் பாகம், அப்புறம் நேரே மூன்றாவது. அதில் தண்ணீர்ப் புதிர் வரும்போது படத்தை நிறுத்திவிட்டு, அவனிடம் ஒரு தாளைக் கொடுங்கள். 5 காலன் ஜாடி ஒன்று, 3 காலன் ஜாடி ஒன்று, சரியாக 4 காலன் தண்ணீர் வேண்டும். அவன் போட்டு முடித்த பிறகு, மெக்லேன் எப்படித் திணறுகிறான் என்று காட்டுங்கள்.