சைட்டை விற்க வேண்டாம், பாப்பா சட்டம் படிக்கட்டும்

வணக்கம் ஐயா. 600-க்கு 541 எடுத்த பிள்ளையை வைத்துக்கொண்டு வீடே தூக்கம் கெட்டுக் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மார்க் நன்றாக இருக்கிறது, பிள்ளையும் தெளிவாக இருக்கிறாள். ஆறுதலாக நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மீதி உங்களுக்கும், முக்கியமாக ஐ.டி. கம்பெனியில் இருக்கும் உங்கள் மச்சானுக்கும், கொஞ்சம் கசக்கும்.

மச்சானின் திட்டம் இது: சென்னையில் ஒரு தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ், அவிநாசிப் பக்கம் வாங்கிப் போட்ட சைட்டை விற்றுப் பாதி, பேங்க் கடன் 15 லட்சம் மீதி. மகள் சொல்வது: சட்டம் படிக்கணும், பூமி சூடாவதற்குக் காரணமான கம்பெனிகளைக் கேள்வி கேட்கணும். அதைக் கேட்டதும் உங்கள் எல்லோர் கண்ணிலும் வந்து நின்றது கோர்ட் வராந்தாவில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஜூனியர் வக்கீல். இல்லாவிட்டால் ரோட்டில் கோஷம் போடும் பெண். "வரன் தேடும்போது என்ன சொல்வது?" என்று அம்மா கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. இப்போதைக்கு அதை ஓரமாக வைப்போம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. நீங்கள் வேலை பார்க்கும் சாயப்பட்டறையில், துணி வாங்கும் கம்பெனி நடத்தும் பையர் ஆடிட்டுக்காக, ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட எவ்வளவு கரண்ட், எவ்வளவு விறகு என்று கணக்குக் கேட்டார்களாம். லீவில் இருந்த மகளிடம் ஈ.பி. பில்லையும் பாய்லர் விறகு ரிஜிஸ்டரையும் கொடுத்து எக்ஸெலில் போடச் சொன்னீர்களாம். அவள் போட்டுக் கொடுத்துவிட்டு, "அப்பா, ரிஜிஸ்டரில் இருக்கிற லோடு கணக்கும் விறகுக்காரர் பில்லும் ஒத்துவரலை, இதில் எதை நம்பி மேனேஜர் கையெழுத்துப் போட்டார்?" என்று கேட்டாளாம். நீங்கள் அதை அவளுடைய குதர்க்கப் பேச்சுக்கு உதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஆட்களுக்குத்தான் பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன.

சட்டத்தால் ஒரு தொழிலையே திருப்ப முடியும் என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நீங்களே வேலையில்லாமல் வீட்டில் இருந்தீர்கள். நொய்யலில் சாயத் தண்ணீர் கலந்து ஒரத்துப்பாளையம் அணை கெட்டுப்போனது, கீழே இருந்த பாசன விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிலை வந்தது. இன்று நீங்கள் வேலை பார்க்கும் பட்டறையின் ஆர்.ஓ. பிளான்ட்டும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அந்த வழக்கு வளர்த்தவை. ஊரே அன்று கோர்ட்டைத் திட்டியது எனக்கும் தெரியும். ஆனால் நிர்வாகத்தின் மேஜைக்கு, கழிவுநீரை என்ன செய்கிறோம் என்ற கேள்வி பத்து வருடம் முன்பே வந்திருந்தால், கதவை அடைக்கும் நாள் வந்திருக்காது.

பூமியைச் சூடாக்கும் கார்பன் புகை விஷயத்தில் இப்போது நடப்பது, அந்த மாதிரிக் கேள்வியை முன்கூட்டியே மேஜைக்குக் கொண்டுவரும் வேலை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 166-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். ஓர் இயக்குநர் பங்குதாரர்களின் நலனோடு ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு இவற்றையும் மனதில் வைத்து நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும் என்கிறது. மீறினால் அபராதம் 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை. பெரிய கம்பெனி இயக்குநருக்கு இது டீ செலவு என்று மச்சான் சிரிக்கலாம். பயம் அபராதத்தில் இல்லை, நாளைக்குக் கடன் கொடுத்தவனோ பங்கு வாங்கியவனோ "தெரிந்தும் சும்மா இருந்தீர்களே" என்று கேட்கும்போது காட்டுவதற்குக் காகிதம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

அந்தக் காகிதத்தை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கிவிட்டது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து பி.ஆர்.எஸ்.ஆர். (பிசினஸ் ரெஸ்பான்சிபிலிட்டி அண்டு சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்) என்ற அறிக்கையை ஆண்டறிக்கையோடு தர வேண்டும். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு எரிபொருள், ஆற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர், நிலத்தடியிலிருந்து எவ்வளவு, சொந்தப் புகைபோக்கியிலிருந்து எவ்வளவு கார்பன், வாங்கிய கரண்டின் கணக்கில் எவ்வளவு, ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு இதெல்லாம் என்ன விகிதம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். இதற்குப் பொறுப்பான இயக்குநர் தம் பெயரில் ஓர் அறிக்கையும் தர வேண்டும். 2023-ல் இதன் முக்கியமான எண்களை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றும் செபி கொண்டுவந்தது. உங்கள் மகள் விறகு ரிஜிஸ்டரில் செய்தது இந்தச் சரிபார்ப்பைத்தான்.

வெளிநாட்டில் கதை இன்னும் சூடு. 2021 மே மாதம் எக்ஸான் மொபில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியில் ஏறத்தாழ 0.02 சதவீதப் பங்கு மட்டும் வைத்திருந்த எஞ்சின் நம்பர் ஒன் என்ற சின்ன முதலீட்டு நிறுவனம், மற்றப் பங்குதாரர்களின் ஓட்டைச் சேர்த்து இயக்குநர் குழுவில் மூன்று பேரை உட்கார வைத்தது. ஆஸ்திரேலியாவில் மார்க் மெக்வே என்ற இளைஞர், தன் ஓய்வூதியப் பணத்தை வைத்திருக்கும் ரெஸ்ட் என்ற நிதியத்தின் மேல், பருவநிலை ஆபத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 2018-ல் வழக்குப் போட்டார். 2020-ல் அவர்கள் சமரசத்துக்கு வந்து, இது பணத்துக்கே ஆபத்து என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019-ல் ஆரம்பித்த முயற்சி 2025 ஜூலையில், நாடுகளின் பருவநிலைக் கடமை பற்றிய சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துரை வரைக்கும் போனது. நம் உச்ச நீதிமன்றமும் 2024 மார்ச்சில், கானமயில் பறவை வழக்கில், பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று சொல்லிவிட்டது.

ஜெயித்த கதைகளை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஷெல் என்ற எண்ணெய்க் கம்பெனியின் இயக்குநர்கள் மேல் நேரடியாகப் போட்ட வழக்கை லண்டன் உயர் நீதிமன்றம் 2023-ல் தள்ளிவிட்டது. தொழிலை எப்படி நடத்துவது என்று நீதிபதி சொல்லித் தர முடியாது என்ற ரீதியில். அதே ஷெல்லுக்கு 2021-ல் ஹேக் நீதிமன்றம் விதித்த 45 சதவீதக் கார்பன் குறைப்பு உத்தரவு 2024 நவம்பரில் மேல்முறையீட்டில் போய்விட்டது. ஆனால் கார்பனைக் குறைக்கும் கடமை கம்பெனிக்கு உண்டு என்பதை அந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆக, கோர்ட்டால் மட்டும் இது நடக்காது. இயக்குநர் குழு கூடும் போர்டு ரூமுக்குள்ளேயும் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் கம்பெனி செக்ரட்டரி. டாக்டர், இன்ஜினியர், சி.ஏ., கலெக்டர் என்று எல்லோருக்கும் தெரிந்த வழிகளை நான் தொடப்போவதில்லை. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் "செக்ரட்டரி" என்றால் போன் எடுப்பவர் என்றே நினைக்கிறார்கள். பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனமும், பங்குதாரர்கள் செலுத்திய மூலதனம் 10 கோடி அல்லது அதற்கு மேல் உள்ள மற்ற பெரிய கம்பெனிகளும், முழுநேரக் கம்பெனி செக்ரட்டரியை வைத்தே ஆக வேண்டும். எம்.டி., நிதித் தலைவர் இருக்கும் அதே வரிசையில் சட்டம் இவரையும் வைக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் காட்டுகிறேன். கடலோரத்தில் புது ஆலை கட்ட ஒரு கம்பெனி யோசிக்கிறது என்று வையுங்கள். போர்டு கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பும் அஜெண்டாவும் போக வேண்டும். அந்த அஜெண்டாக் குறிப்பில் வெள்ள அபாயம் பற்றி ஒரு பக்கம் இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் செக்ரட்டரி கையில். கூட்டத்தில் ஒரு தனி இயக்குநர் (இண்டிபெண்டன்ட் டைரக்டர்) கேட்கிறார்: "2015 டிசம்பர் மழை மாதிரி வந்தால் தரைமட்டம் போதுமா?" எம்.டி. "அதெல்லாம் பார்த்தாச்சு சார்" என்று அடுத்த விஷயத்துக்குப் போகிறார். இப்போது நடவடிக்கைக் குறிப்பில் (மினிட்ஸில்) என்ன எழுதுவது? "விவாதித்து ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் முடிக்கலாம். கேள்வி கேட்கப்பட்டது, ஆய்வறிக்கை அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும் என்றும் எழுதலாம். வரைவு 15 நாளுக்குள் எல்லா இயக்குநர்களுக்கும் போகும், 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏறும். இடையில் "அந்த வரியை எடுத்துடுங்களேன்" என்று போன் வரும். அந்தப் போனுக்கு மரியாதையாக, ஆனால் அசையாமல் பதில் சொல்வதுதான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. அந்தக் குறிப்புப் புத்தகத்தை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். இருபது வருடம் கழித்து வெள்ளம் வந்தால் கோர்ட் கேட்கப்போவது அதைத்தான்.

எனக்கு உங்கள் மகளைப் பற்றி இந்த ஒரு விஷயத்தில் நம்பிக்கை வருகிறது. மேனேஜர் கையெழுத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டவள் இந்தப் போனுக்கும் பதில் சொல்லிவிடுவாள்.

வழி இதுதான். பிளஸ் டூ மார்க் வைத்தே அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருடப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தரவரிசை போடுகிறது, தனி நுழைவுத் தேர்வு கிடையாது. கட்டணம் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு மாதத்துக்கு ஆகும் பணம்கூட வராது. திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும், செலவும் அதிகம், அதைப் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் படிக்கும்போதே கம்பெனி செக்ரட்டரி படிப்பையும் அஞ்சல் வழியில் பக்கத்தில் ஓட்டலாம். நுழைவுத் தேர்வு, எக்ஸிகியூட்டிவ், புரொபஷனல் என்று மூன்று படி. புரொபஷனலின் புதுப் பாடத்திட்டத்தில் முதல் தாளே சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் (ஈ.எஸ்.ஜி.) பற்றியதுதான். அப்புறம் ஏறக்குறைய இரண்டு வருடப் பயிற்சி, அதற்கு உதவித்தொகையும் வரும். கோச்சிங் நீங்கலாகப் படிப்புக்கும் தேர்வுக்கும் கட்டும் பணம் ஒரு லட்சத்துக்குள் அடங்கிவிடும்.

கஷ்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தேர்வுகளில் பாஸாகிறவர்கள் குறைவு, ஒரு குரூப் தாள்களை இரண்டு மூன்று தடவை எழுதுவது சகஜம். முதல் இரண்டு மூன்று வருடம் படிவம் நிரப்புவதும் தேதி துரத்துவதும்தான் வேலை, கார்பன் பக்கம் தலைகாட்டவே நேரம் வராது. சம்பளமும் ஆரம்பத்தில் மச்சான் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். இன்னொன்று: கம்பெனியில் முழுநேரச் சம்பளம் வாங்கினால் பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் தொழில் செய்யக்கூடாது, வக்கீல் உரிமமான சனதை நிறுத்திவைக்க வேண்டும். போர்டா, கோர்ட்டா என்று ஒருநாள் அவள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். சென்னையில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருக்கிறது. அங்கே சில மாதம் இன்டர்ன்ஷிப் போய் வந்தால் எந்தப் பக்கம் மனம் சாய்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

பணத்தில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். 15 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் திருப்பினால் மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் தவணை. அவளுக்கு விருப்பமில்லாத படிப்புக்கு அவள் கழுத்தில் இதைக் கட்டுவது அநியாயம். ஏ.ஐ. மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதில் ஆசை இருக்கும் பிள்ளை சுமாரான கல்லூரியிலிருந்தும் மேலே வந்துவிடும். ஆசையில்லாத பிள்ளைக்கு மேனேஜ்மென்ட் கோட்டா வாங்கித் தருவது மச்சானின் கௌரவத்துக்கு உங்கள் சைட்டைக் கொடுப்பது. அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதேபோல "மூன்று மாதத்தில் ஈ.எஸ்.ஜி. நிபுணர்" என்று எண்பதாயிரம், ஒரு லட்சம் கேட்கும் ஆன்லைன் சான்றிதழ்களுக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அடிப்படைப் பட்டம் இல்லாமல் அந்தக் காகிதத்தை யாரும் மதிப்பதில்லை.

இந்த வாரம் மகளை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பெரிய ஜவுளி அல்லது சிமென்ட் கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கி, பி.ஆர்.எஸ்.ஆர். பகுதியில் சுற்றுச்சூழல் பற்றிய ஆறாவது கோட்பாட்டை மட்டும் படிக்கட்டும். போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் பக்கத்தில் வைத்து, எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொண்டு என்னிடம் பேசட்டும். சலிப்புத் தட்டினால் வேறு வழி பார்ப்போம், நான் வற்புறுத்த மாட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கும் அதையே நோண்டிக்கொண்டிருந்தால் விண்ணப்பத்தில் கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரியை முதலில் போடுங்கள். மருதமலை ரோட்டில் இருக்கிறது. திருப்பூரிலிருந்து ரயில் சீசன் டிக்கெட்டும் ஒரு டவுன் பஸ்ஸும் போதும், ஹாஸ்டல் செலவுகூட இல்லை.